மகனேன்னு ஆரம்பிச்சு அம்மான்னு போன பாட்டு: ஆறு நாள் டைரி

நாள் 1, எழும்பூர்ல இருந்து

பாண்டியன் எக்ஸ்பிரஸ், சைடு லோயர். பைக்குள்ள ரெண்டு செட் துணி, ரெக்கார்டர், மைக் ரெண்டு, அப்புறம் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க். இந்த ட்ரிப்புக்குக் காரணமே அந்த டிஸ்க்தான், அதனால மொதல்ல அதச் சொல்லிடுறேன்.

நான் சினிமாவுல சவுண்டு வேல, ஸ்பாட்டுல போய் பதிவு பண்றது. ஆறு வருசத்துக்கு முன்னாடி மதுரப் பக்கம் ஒரு படம், பேரு வேணாம், அதுல ஒரு சாவு சீன். இளவட்டப் பையன் செத்துக் கெடக்கான், ஊரே கூடி அழுவுது. செக்கானூரணிப் பக்கத்துல இருந்து நாலு அம்மாக்கள வேன் வச்சுக் கூட்டிட்டு வந்திருந்தாங்க, ஆளுக்கு இவ்வளவுன்னு பேசி. பொணமா படுத்த பையனுக்கு மூக்குல பஞ்சு, நெத்தியில ஒத்த ரூவா, மே மாச வெயிலு, ஈ வேற. அந்த நாலு பேர்ல ஒருத்தவங்க தலமுடிய அவுத்து விட்டுட்டு "நான் பெத்த மகனே"ன்னு எடுத்தாங்க பாருங்க, ரெண்டாவது வரிக்கே லைட்மேன் ஒருத்தர் பீடிய அணைச்சுட்டாரு, மூணாவது நிமிசம் பொணத்தோட கண்ணோரத்துல தண்ணி வழியுது, பையன் நெஜமாவே அழுதுட்டான்.

கட் விழுந்தது ஆனா அதுக்காக இல்ல. மகனேன்னு ஆரம்பிச்ச அம்மா நடுவுல எங்கயோ "என்னப் பெத்த அம்மா"ன்னு போயிட்டாங்க. டைரக்டர் காதுல அது பட்டுருச்சு. "பாட்டி தப்பாப் பாடுது, செத்தது மகன்யா, இந்த டிராக் வேணாம், நாலு பேரையும் சும்மா சத்தமா அழச் சொல்லு, மியூசிக் போட்டு மூடிக்கலாம்"னாரு. அப்படியே ஆச்சு. படத்துல அந்த எடத்துல வயலின்தான் ஓடுது. அந்தம்மா குரல் 4 நிமிசம் 10 செகண்டு என் டிஸ்க்குல அப்படியே கெடக்கு. அவங்க பேரு கூட அன்னைக்கு நான் கேக்கல, சம்பளச் சீட்டுல கைநாட்டு மட்டும்தான் பாத்தேன். அவங்களக் கண்டுபுடிச்சு அதக் குடுக்கணும்னு கெளம்பியாச்சு, லேட்டுதான்.

தூக்கம் வரல, சினிமாவுல சாவு வீடு எப்படி வருதுன்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன். மிக்ஸிங் ரூம்ல அதிகமா கேட்ட வார்த்த என்னன்னா "ஹீரோ உள்ள வர்றாரு, ஒப்பாரியக் கொற". ஊரே தொண்ட கிழிய அழுவுது, ஹீரோ செருப்பு சத்தம் கேட்ட உடனே ஏதோ ரிமோட்ட அமுக்குன மாதிரி அத்தன பொம்பளைங்களும் ஊமையாயிருவாங்க. அவன் கண்ணுல ஒரு சொட்டு, அதுக்கு முப்பது வயலின். இது ஒண்ணு. இன்னொன்னு காமெடி, அழுதுக்கிட்டே காப்பிக்கு சக்கர பத்தலைங்கிற கெழவி. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணும் இல்லையான்னா இருக்கு, 2014ல வந்த மெட்ராஸ்ல கானா பாலா பாடுற "இறந்திடவா நீ பிறந்தாய்" முழுசா ஒரு சாவுக் கானா, பாட்ட வெட்டாம, சாவ அவசரப்படுத்தாம விட்டுருப்பாங்க. ஆனா கானா ஆம்பளைங்க பாடுறது, வடசென்னையில பொணத்துக்குப் பக்கத்துல விடிய விடிய உக்காந்து பாடுவாங்க. ஒப்பாரி வேற, அது பொம்பளைங்களோடது. அது வேற எதையோ பேசுது, அது என்னன்னுதான் எனக்கு இன்னும் சரியாப் புடிபடல.

செங்கல்பட்டு தாண்டியாச்சு. லைட்ட அணைக்கச் சொல்லி எதுத்த பெர்த் மாமா மொறைக்கிறாரு.

நாள் 2, மதுரை

காலையில ஆரப்பாளையம் பக்கம் ரூம் போட்டுட்டு மொதல்ல பரவைக்குப் போனேன். பரவை முனியம்மா ஊரு. 2003ல தூள் படத்துல "சிங்கம் போல" பாடி ஆடுனவங்க, அதுக்கு முன்னாடியே எத்தனையோ கோயில் மேடையில பாடித் தேஞ்ச தொண்ட. அவங்க போனது 2020 மார்ச் 29, ஊரடங்கு போட்டு அஞ்சாவது நாளு. சாவுக்கு இருபது பேருக்கு மேல கூடக்கூடாதுன்னு இருந்த நேரம். ஊரு ஊராப் பாடுன மனுசிக்கு இருபது பேர். டீக்கடையில இத நான் சொன்னப்ப கடக்காரர் டீய ஆத்துறத நிறுத்தாமயே "அந்த வருசம் செத்தவுக யாருக்குமே சரியா அழுகலம்மா, இன்னும் பாக்கி கெடக்கு"ன்னாரு. கடன் மாதிரி சொன்னாரு, பாக்கின்னு.

மத்தியானம் ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்கு விடுற கட ஒண்ணு, அதே கடையில சாமியானா, சேரு, பந்தல், ஒப்பாரி செட்டும் பேசி விடுறாங்க. செட்டுன்னா என்னன்னு கேட்டேன். ரெண்டு பொம்பளையாளு, ஒரு ஆம்பள, பொம்பள வேசத்துல ஒருத்தரு, ஒரு கீபோர்டு, பறை, ஸ்பீக்கர் பாக்ஸ் ரெண்டு. வீட்டுக்காரங்ககிட்ட ஒரு பேப்பர்ல எழுதி வாங்கிக்குவாங்களாம், செத்தவர் பேரு, மக்க எத்தன, மருமக்க பேரு, மூத்தவரு எந்த நாட்டுல வேல, பேரப்புள்ளைங்க என்ன படிக்குதுங்க. அத்தனையும் பாட்டுக்குள்ள வரணும். "துபாய்ல இருந்து மகன் வந்து எறங்குற வரைக்கும் ஓட்டணும் மேடம், ஃபிளைட்டு லேட்டாச்சுன்னா நம்மளும் லேட்டு." பதினஞ்சு வருசமா செட்டு நடத்துறவரு. நான் தயங்கித் தயங்கி, கூலிக்கு மாரடிக்கிறதுன்னு ஊருல சொல்றாங்களேண்ணேன்னு கேட்டேன். அவரு கோவப்படல. "அப்படிச் சொல்றவன் ஒரு நாளு மாரடிச்சுப் பாக்கட்டும், ராத்திரி நெஞ்செலும்புல தைலம் தேச்சுவிட ஆளு வேணும்"ன்னாரு.

அவரு பேச்சுவாக்குல இன்னொன்னும் சொன்னாரு. அவரு தாத்தா காலத்துல ஊருல பெரிய வீட்டுச் சாவுன்னா இவங்க சனம் பறையடிச்சே ஆகணும், வீட்டுப் பொம்பளைங்க போய் மாரடிச்சே ஆகணும், நெல்லு குடுத்தா வாங்கிக்கணும், குடுக்காட்டியும் கேக்கக் கூடாது. இன்னைக்கு ரேட்டு பேசி அட்வான்ஸ் வாங்கி, பில்லுப் போட்டுக் குடுக்குறாரு. சினிமாவுல பறை வந்தா ஸ்டைலா இருக்கு, குத்துப் பாட்டு ஆயிருச்சு, இந்த நெல்லுக் கணக்கு அதுல வர்றதே இல்ல.

கடையில ஒரு பெட்டி ஓடிக்கிட்டு இருந்துச்சு, டெஸ்டிங். நான் பழக்கதோசத்துல ஹெட்போன மாட்டி மைக்க நீட்டினேன். கம்ப்ரசர் எடுக்குறப்ப கரண்டோட 50 ஹெர்ட்ஸ் அடித்தொண்டையில ஒரு முனகல், நிக்குறப்ப கண்ணாடி லேசா அதிருது. இப்ப எந்தச் சாவு வீட்டுல பதிவு பண்ணாலும் இந்த முனகல் இல்லாம குரல் கெடைக்காது. அத விட முக்கியமா ஒண்ணு தோணுச்சு. முன்னாடி பொணத்து மேல விழுந்து, கன்னத்தத் தடவி, தலமாட்டுல முட்டி அழுவாங்க. இப்ப கண்ணாடி. கைய வச்சா சில்லுன்னு இருக்கு, மூச்சுப் பட்டா ஆவி படியுது, சொந்தக்காரங்க துணியால தொடச்சு விடுறாங்க.

நாள் 3, செக்கானூரணி, உசிலம்பட்டி ரோடு

தேடுறது கஷ்டமா இருக்கும்னு நெனச்சேன், அப்படி ஒண்ணும் இல்ல. செக்கானூரணி பஸ் ஸ்டாண்டுல பூ விக்கிற அம்மாகிட்ட ஹெட்போனக் குடுத்து பத்து செகண்டு போட்டேன், மூணாவது செகண்டுல ஹெட்போன கழட்டிட்டு ஊரு, தெரு, வீட்டு முன்னாடி நிக்கிற வேப்பமரம் எல்லாம் சொல்லிருச்சு. குரலுக்கு இவ்வளவு அட்ரஸ் உண்டுன்னு எனக்குத் தெரியாது. "காலையில பஸ் ஸ்டாண்டுல வச்சு இதப் போடுறியே, போணியாகுற நேரம்"னு திட்டும் விழுந்துச்சு.

உசிலம்பட்டி போற டவுன் பஸ்ல ஏறி ரெண்டு கிலோமீட்டர் நடந்து போனேன். அவங்களுக்கு அறுபதுக்குக் கிட்ட இருக்கும், வாசல்ல புளி கொட்ட எடுத்துக்கிட்டு இருந்தாங்க. என்னையப் பாத்துட்டு லோன்காரின்னு நெனச்சுட்டாங்க. ஷூட்டிங்க ஞாபகப்படுத்தினேன். "அந்த பொணத்துக்குப் பசிச்சுச்சே, வாழப்பழம் குடுத்தமே, அந்தப் பையன் எப்படி இருக்கான்?"னு கேட்டாங்க. அவங்களுக்கு ஞாபகம் இருந்தது அதுதான்.

போட்டுக் காட்டவா பெரியம்மான்னு லேப்டாப்ப எடுத்தேன், சட்டுன்னு கையப் புடிச்சுட்டாங்க. "ஏத்தா, வீட்டுக்குள்ள வச்சா? வெளக்கு வைக்கிற வீடு. பேரன் பரீச்ச எழுதிட்டு இருக்கான்." சாவு இல்லாத வீட்டுல ஒப்பாரி எடுத்தா சாவக் கூப்புட்ட மாதிரின்னு ஒரு நம்பிக்க. பாட்டு சேகரிக்கப் போற ஆளுங்க எல்லாருக்கும் இந்த அனுபவம் இருக்கும், காட்டுப் பக்கம், வயக்காட்டு வரப்புன்னு கூட்டிட்டுப் போய்த்தான் பாட வைப்பாங்க. நா. வானமாமலை மாதிரி ஆட்கள் 1960கள்ல தொகுத்துப் போட்ட நாட்டுப்பாட்டு புத்தகத்துல ஒப்பாரிப் பகுதியப் படிக்கிறப்ப இது எந்த வரப்புல உக்காந்து பாடினதோன்னு எனக்கு எப்பவும் தோணும், அச்சுல வரப்பு வராதுல்ல.

அப்ப ஷூட்டிங்குல எப்படிப் பாடுனீங்கன்னு கேட்டேன். "அது வீடா? அட்டையில கட்டுன வீடு. சாமி படம் கூட இல்ல, நான் பாத்தேனே"ன்னாங்க. சரியான பதில்.

நாளைக்கு வெள்ளன கொல்லப்பக்கம் போவோம்னு சொல்லியிருக்காங்க. ராத்திரி சோறு அங்கதான், கம்மங்கூழும் சுண்டவத்தலும். மருமக என்கிட்ட ரகசியமா, "எங்கத்தைக்கு சினிமாவுல அவுக குரல் வரலைன்னு இன்னும் தெரியாதுக்கா, டிவியில அந்தப் படம் போட்டப்ப கரண்டு போயிருச்சுன்னு நாங்களே நிறுத்திட்டோம்"னுச்சு. எனக்கு அந்தக் கூழு தொண்டையில எறங்கல.

நாள் 4, அதே ஊரு, கொல்லக்காடு

காலையில ஆறு மணி. ஒரு கெணத்து மேடு, பக்கத்துல ரெண்டு பனமரம். அவங்க, அவங்க ஒர்ப்படியா, நான். ஹெட்போன மாட்டி விட்டேன். மாட்டுறதுக்கு முன்னாடி காதுல இருந்த தோட்டக் கழட்டி முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க. கண்ண மூடிட்டு நாலு நிமிசமும் கேட்டாங்க. நான் என்ன எதிர்பாத்தேன்னு சொல்ல வெக்கமா இருக்கு, அழுவாங்கன்னு எதிர்பாத்தேன், மைக் கூட ரெடியா வச்சிருந்தேன். முடிஞ்சதும் ஹெட்போனக் கழட்டிட்டு, "நடுவுல ஒருத்தி மூக்கச் சிந்துறாளே, அது இவதான்"னு ஒர்ப்படியாளக் காட்டினாங்க. அப்புறம், "தொண்ட கட்டியிருக்கு எனக்கு. ரெண்டாவது அடியில இழுப்பு பத்தல. மூச்சு விட்டுட்டேன்." அவ்வளவுதான். ஒரு நாதஸ்வரக்காரர் தன் பழைய கேசட்டக் கேட்டா என்ன சொல்வாரோ அது.

நான் கேட்டேன், மகனேன்னு ஆரம்பிச்சு அம்மான்னு போயிட்டீங்களே பெரியம்மா, தவறிப் போச்சான்னு. ரெண்டு பேரும் என்னையப் பாத்த பார்வ இருக்கே.

"தவறல. மகனேன்னு கூப்புடச் சொன்னாக, கூப்புட்டாச்சு, காசு வாங்கியாச்சுல்ல. அதுக்கு மேல அந்தப் பையனுக்கு நான் என்னத்த அழுக, அவன் யாரு பெத்த புள்ளையோ, உசுரோட இருக்கான் வேற. அழுகன்னு உக்காந்தா நம்ம பாடுதான வரும். வாசப்படிதான் அவுக பேரு, உள்ள நம்ம வீடு."

ஆறு வருசம் நான் இத தப்புன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். தப்புன்னு சொல்லி வெட்டுனவரு, அவரு சரின்னு தலையாட்டின நானு. பிரின்ஸ்டன்ல இருந்த மானுடவியல் பேராசிரியர் இசபெல் க்ளார்க் தெசே 2005ல தமிழ் ஒப்பாரி பத்தி ஒரு புத்தகம் போட்டாங்க, செத்தவங்களுக்காக யாரும் அழுறதில்லங்கிறதுதான் அதோட தலைப்பே. நான் அத காலேஜ் காலத்துல படிச்சு அடிக்கோடு எல்லாம் போட்டு வச்சிருக்கேன், ஸ்பாட்டுல நிக்கிறப்ப ஒரு வரி ஞாபகம் வரல.

அப்புறம் அவங்களே பாடுறேன்னாங்க, தொண்ட கட்டாத நேரத்துல ஒண்ணு எடுத்துக்கன்னு. ரெண்டு பேரும் எதிரெதிர உக்காந்து, தோள்ல கையப் போட்டு, நெத்தியோட நெத்தி முட்டுற மாதிரி குனிஞ்சுக்கிட்டாங்க. ஒடம்பு முன்னும் பின்னும் ஆடுது, ஆடுறதுதான் தாளம். ஒவ்வொரு வரியும் உச்சத்துல ஆரம்பிச்சு படி எறங்குற மாதிரி எறங்கி, கடைசியில குரலே இல்லாம வெறும் மூச்சா முடியுது, அந்த மூச்சு முடியுற எடத்துல மத்தவங்க வாங்கிக்கிறாங்க. மீட்டர்ல மொத எழுத்து செவப்புல அடிக்கும், கடைசி எழுத்து மீட்டர்லயே தெரியாது, அவ்வளவு தூரம். மூக்கச் சிந்துறதும் சும்மா இல்ல, மூச்செடுக்க ஒரு எடைவெளி அது. அவங்க சம்மதிச்ச நாலு வரிய மட்டும் எழுதுறேன்:

தங்கத்தால ஏணி வச்சு
தாய்வீடு ஏறி வந்தேன், என்னப் பெத்த அம்மா
தங்க ஏணி சாஞ்சிருச்சே
தாழ்வாரம் பூட்டிருச்சே

வெள்ளியால ஏணி வச்சு
வீடு தேடி ஏறி வந்தேன், என்னப் பெத்த அம்மா
வெள்ளி ஏணி சாஞ்சிருச்சே
வெளித்திண்ண எம்பங்காச்சே

(எட்டு வரி ஆயிருச்சு, ரெண்டாவது நாலு இல்லாம மொத நாலுக்கு அர்த்தம் இல்லைன்னு ஒர்ப்படியாதான் சொன்னாங்க.)

தங்கம்னு ஒரு தடவ, வெள்ளின்னு ஒரு தடவ, ஒரே வீட்டுக்கு ரெண்டு தடவ ஏறுறாங்க. மொத தடவ கதவு பூட்டியிருக்கு, ரெண்டாவது தடவதான் விசயம், வெளித்திண்ண. அண்ணந்தம்பி மூணு பேரு, அப்பா வச்சிருந்த ஒன்றரை ஏக்கரும் கெணறும் அவங்களுக்குள்ள பிரிச்சுக்கிட்டாங்க. "கல்யாணம் எம்சியார் செத்த வருசம். மறு வருசத்துக்கு மறு வருசம் பொண்ணுக்கும் பங்குன்னு சட்டம் வந்துச்சுன்னாக. ஏற்கனவே வாக்கப்பட்டு வந்தவளுக்குக் கெடையாதுன்னும் சொன்னாக." அது சரிதான், தமிழ்நாட்டுச் சட்டம் 1989 மார்ச் 25ல இருந்து, அதுக்கு முன்னாடி கல்யாணமான பொண்ணுங்களுக்கு இல்ல. ரெண்டு வருசத்துல தவறிப் போச்சு. நான் ரொம்ப புத்திசாலி மாதிரி 2005ல மத்திய சட்டத்துல மாத்திட்டாங்களே பெரியம்மா, அப்பவாச்சும் ஒரு வக்கீலப் பாத்திருக்கலாமேன்னேன்.

"பாத்து? அண்ணந்தம்பிய கோர்ட்டுல நிறுத்திட்டா, நான் செத்தா எனக்குப் பெறந்த வீட்டுக் கோடி எவன் எடுத்தாருவான்?"

இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. பொறந்த வீட்டுச் சேல வந்து விழாம பொம்பளையாளத் தூக்க மாட்டாங்க. ஒரு சேலைக்கு ஒன்றரை ஏக்கர். கேக்கவும் முடியாது, விடவும் முடியாது, அப்ப இந்தக் கணக்க எங்கதான் பேசுறது, அடுத்தவங்க சாவு வீட்டுலதான். அண்ணங்காரனும் அங்க துண்டப் போட்டுக்கிட்டு உக்காந்துதான் இருப்பான், காது கேக்கும், ஆனா எந்திரிச்சு நிறுத்துன்னு சொல்ல முடியாது, ஏன்னா அது அழுக. பஞ்சாயத்துல பேசுனா வாயாடி, ஒப்பாரியில பேசுனா பாவம். என்ன ஒரு எடத்தக் கண்டுபுடிச்சு வச்சிருக்காங்க!

ராத்திரி உசிலம்பட்டி லாட்ஜ்ல படுத்துக்கிட்டு புறநானூறு 112 ஞாபகம் வந்துச்சு, பாரி செத்ததும் அவரு பொண்ணுங்க பாடுனது, கையறுநிலை. ஸ்கூல்ல அப்பாவுக்காகப் பாடுன பாட்டுன்னுதான் சொல்லிக் குடுத்தாங்க. போன மாச நிலாவுல எங்களுக்கு அப்பா இருந்தாரு, எங்க மலைய யாரும் புடிக்கல. இந்த மாச நிலாவுல மலையப் புடிச்சுட்டாங்க, அப்பாவும் இல்ல. கவனிச்சுப் பாத்தா அதே தங்க ஏணி வெள்ளி ஏணி கட்டமைப்புதான், ஒரே வரி ரெண்டு தடவ வருது, ரெண்டாவதுல சாயுது. சாயுறப்ப மொதல்ல மலதான் போகுது, அப்புறம்தான் அப்பா. அதுவும் நெலம்தான்.

மருமக சொன்ன கரண்டு ரகசியத்த நான் ஒடைக்கல. ஆடியோ ஃபைல மட்டும் பேரன் போன்ல ஏத்திக் குடுத்துட்டேன். அதுக்குப் பேரு என்ன வைக்கன்னு கேட்டான், "அப்பத்தா 1"னு வச்சிருக்கான். காலையில எடுத்தது "அப்பத்தா 2".

நாள் 5, கொல்லங்குடி

இன்னைக்கு கொஞ்சம்தான் எழுதுறேன், அலைச்சல். மதுர வந்து மாட்டுத்தாவணியில மாறி சிவகங்க, அங்கேருந்து காளையார்கோவில் ரோட்டுல கொல்லங்குடி. ஆண் பாவம் படத்துல, 1985, பாட்டியா வந்து பாடுனாங்களே கொல்லங்குடி கருப்பாயி, அவங்க ஊரு. 2025 ஜூன்ல போய்ட்டாங்க. வயக்காட்டுல நாத்து நட்டுக்கிட்டே பாடுன குரல், ரேடியோ வழியா சினிமாவுக்குப் போச்சு. பாண்டியராஜன் ஒரு நல்ல காரியம் பண்ணாரு, அந்தக் குரல வெட்டல, அது இஷ்டத்துக்கு விட்டாரு.

பக்கத்துலயே அரியாக்குறிச்சி வெட்டுடையார் காளி. இங்க வந்து காசு வெட்டிப் போடுவாங்க, தன்ன ஏமாத்துனவன், நெலத்த எடுத்தவன், கடன வாங்கிட்டு இல்லைன்னவன் மேல ஆத்தாகிட்ட மனு. ஒரு அம்மா முடிய விரிச்சுப் போட்டு சன்னதியப் பாத்துக் கையெடுத்து என்னமோ சொல்லிக்கிட்டே இருந்தாங்க, சொல்லு புரியல, ஆனா ராகம்! உச்சத்துல எடுத்து மூச்சுல எறக்குற அதே ராகம். சாவு எதுவும் இல்ல, அழுக மட்டும் இருக்கு. நான் ரெக்கார்டர எடுக்கல, அது கோர்ட்டுல அடுத்தவங்க வாக்குமூலத்த ஒட்டுக் கேக்குற மாதிரி இருந்துச்சு.

பஸ்ல வர்றப்ப கர்ணன் பாட்டு போட்டாங்க, 2021 படம், கிடாக்குழி மாரியம்மாள் பாடுன "கண்டா வரச் சொல்லுங்க". தியேட்டர்ல மொத தடவ கேட்டப்ப சிலிர்த்தது உண்ம. ஒப்பாரிச் சாயல்ல ஒரு பொம்பளக் குரல் ஊரக் கூப்புடுது, படமும் அதக் கொறைக்காம முன்னாடி வச்சிருக்கு. அதே நேரம் இன்னைக்கு கேக்குறப்ப ஒரு சின்ன மனத்தாங்கல், அந்தக் குரலும் ஒரு ஆம்பளையத்தான் வரச் சொல்லுது. வெளித்திண்ணையில உக்காந்திருக்கவ தனக்கு என்ன வேணும்னு கேக்குற பாட்டு எந்தப் படத்துல வந்துச்சு? ஏலே படத்துல, அதுவும் 2021தான், அப்பா செத்தும் அழுக வராத மகன் ஒருத்தன வச்சு ஹலிதா ஷமீம் முழுப் படமே எடுத்தாங்க, எனக்கு ரொம்பப் புடிச்ச சாவு வீட்டுப் படம் அது, ஆனா அங்கயும் கத மகனோடதுதான். மதயானைக்கூட்டம் (2013) கோடி, செய்முறைன்னு சாவுச் சடங்க இம்மி விடாம காட்டும், எந்தச் செய்முறையில எவன் கத்திய எடுப்பான்னு தெரியும், பாடுறவ மனசுல என்னன்னு தெரியாது. இந்தியில 1993லயே ருடாலின்னு கூலிக்கு அழுவுறவளையே நாயகியா வச்சு ஒரு படம் வந்திருச்சு, டிம்பிள் கபாடியாவுக்கு தேசிய விருது. அது ராஜஸ்தான். நம்ம ஊருல அந்த நாலு பொம்பளைங்க இன்னும் வேன்ல வந்து வேன்லயே போறாங்க.

கொஞ்சம் கோவமா எழுதிட்டேன் போல. பஸ்ல உக்காந்து எழுதுனது, அப்படியே இருக்கட்டும்.

நாள் 6, கோவில்பட்டிப் பக்கம்

கடலமிட்டாய் வாங்கிட்டு ஊருக்குத் திரும்பலாம்னுதான் வந்தேன். ஆட்டோ அண்ணன் பேச்சுவாக்குல, நான் எதுக்கு சுத்துறேன்னு தெரிஞ்சதும், "எங்க ஊர்ல இன்னைக்கு ஒரு துட்டி இருக்கு, எங்க பெரியாச்சிதான், தொண்ணூறு தாண்டிருச்சு, கல்யாணச் சாவு, வாங்க"ன்னாரு. மதுரப் பக்கம் கேதம்னா இங்க துட்டி. அடுத்தவங்க சாவுக்கு விருந்து மாதிரி போறதான்னு தயங்குனேன். துட்டிக்கு யாரு வேணா வரலாம், அழைப்பே கெடையாதுல்லன்னாரு.

கரிச மண்ணு, வெயிலு, தெரு நீளத்துக்கு சாமியானா. முக்குல கண்ணீர் அஞ்சலி ஃபிளக்ஸ்ல ஆச்சி பாம்படத்தோட சிரிக்காங்க. கொட்டுக்காரங்க ஒரு பக்கம். ஆம்பளைங்க நீர்மாலைக்குப் போயிருந்தாங்க, தலைக்கு மேல வேட்டிய நாலு பக்கம் புடிச்சு, கொடத்துல தண்ணி மோந்து கொண்டு வர. அந்த நேரம்தான் ஆச்சியோட பெறந்த ஊருச் சனம் வேன்ல வந்து முக்குல எறங்குச்சு. எறங்குன எடத்துலயே பொம்பளைங்க ஆரம்பிச்சுட்டாங்க, தாம்பாளத்துல கோடிச்சேல, மாரில அடிச்சுக்கிட்டே தெருவோட வர்றாங்க, இங்க வீட்டுக்குள்ள இருந்து பொம்பளைங்க பாடிக்கிட்டே எதுத்துப் போறாங்க, ரெண்டு கூட்டமும் தெரு நடுவுல கட்டிப் புடிச்சு ஒண்ணாச்சு. ரெண்டும் வேற வேற சுருதியில வந்துச்சு, ஒரு பத்து செகண்டுல யாரும் சொல்லாமயே ஒரே சுருதிக்கு எறங்கிருச்சு. ஒரு ஸ்டுடியோவுல இதச் செய்ய ஒரு மணி நேரம் ஆகும் எனக்கு.

அப்புறம் பேரப்புள்ளைங்க நெய்ப்பந்தம் புடிச்சாங்க, தேரு கெளம்புச்சு. பொம்பளைங்க முச்சந்தியோட நின்னுட்டோம், அதுக்கு மேல போறதில்ல. கேமரான்னு ஒண்ணு அங்க இருந்திருந்தா அது ஆம்பளைங்க கூட சுடுகாட்டுக்குப் போயிருக்கும், கொள்ளிக்கொடம், தீ, ட்ரோன் ஷாட்டு. எனக்கு இந்த முச்சந்தியில என்ன நடக்கும்னு இது வரைக்கும் எந்தப் படமும் காட்டல. திரும்பி வந்தாங்க, முடிய முடிஞ்சுக்கிட்டாங்க, ஒருத்தி வெத்தல கேட்டா, ஒருத்தி மக காலேஜ் ஃபீஸ் பத்திப் பேசினா. பிறகு வெறும் பெட்டி இருந்த எடத்தச் சுத்தி உக்காந்து மறுபடி ஒரு ரவுண்டு. இப்ப கூட்டம் இல்ல, ஆம்பளைங்க இல்ல, அசலு இதுதான்னு பட்டுச்சு. ஃப்ரீசர் பாக்ஸ ஆஃப் பண்ணியாச்சு, முனகல் இல்ல. என் ரெக்கார்டர் ஆட்டோவுலயே இருக்கு.

செவத்தோரம் நின்ன என்னைய ஒரு மதினி கையப் புடிச்சு இழுத்து உக்கார வச்சா. வெளியில நிக்கக் கூடாதாம், நிக்கிற ஆளு கண்ணு பாட்டுல விழும். தோள்ல கையப் போட்டா, எனக்கு இந்தப் பக்கம் ஒரு கெழவி, அவங்க கை கனமா, வெத்தல வாசம். எல்லாரும் ஆடுறாங்க, நானும் ஆடுறேன். என் முற வந்துச்சு போல, ரெண்டு பேரும் என்னையப் பாக்குறாங்க. எனக்கு ஒண்ணும் வரல. இருபது வருசமா சத்தத்தப் புடிச்சு வச்சே பழக்கம், வாயத் தொறந்து பழக்கம் இல்ல. எனக்குத் தெரியாது மதினின்னேன்.

"ஏளா, தெரியணும்னு யாரு சொன்னா. யாத்தேன்னு மட்டும் இழு. மிச்சத்த நாங்க பாத்துக்கிடுதோம்."

இழுத்தேன். கெழவி தொடையில ஒரு கிள்ளு கிள்ளுனாங்க, சுருதி ஏறிப் போச்சாம். எறக்கி மறுபடி எடுத்தேன்.